திரும்பக் கூடாத பாலம்

கோயிலுக்கு வருகிறவர்களை அவளுக்குப் பிடிக்காது. அதை அவள் மறைத்ததும் இல்லை. பாலத்தின் தொடக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், தலையில் அகலத் தொப்பி, வெயிலுக்காக மூக்குவரை இழுத்துக் கட்டிய துணி, கையில் ஒலிபெருக்கி. "நிக்காதீங்க. திரும்பாதீங்க. நேரா போங்க." நாள் முழுக்க இதுதான் வேலை. கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்குத் தகரத்தொண்டை என்று பேர் வைத்திருந்தார்கள்.

புத்தர் பழையவர்தான். கோயிலுக்கு அவள் வயதுகூட ஆகவில்லை. சுவரெல்லாம் வெள்ளை, வெள்ளையின் மேல் கண்ணாடிச் சில்லுகள். வாசலுக்கு முன்னால் ஒரு பெரிய குழி. அதிலிருந்து சிமெண்ட் கைகள் காடுபோல மேலே நீண்டு நிற்கும். அந்தக் குழிக்குக் குறுக்கேதான் பாலம்.

"வெள்ளைன்னா தூய்மை. கண்ணாடின்னா ஞானம். கீழே தவிக்கிற கையெல்லாம் ஆசை. பாலம்னா அதைக் கடந்து போறது. கடக்க ஆரம்பிச்சவன் திரும்பக் கூடாது" என்று வழிகாட்டி ஒவ்வொரு கூட்டத்துக்கும் அதே இடத்தில் அதே பெருமூச்சோடு சொல்வார்.

தூய்மையாம்! புறா எச்சத்தைக் கழுவ ஆள் ஏணி போட்டு ஏறும்போது வந்து பார்க்கட்டும். ஆசையைக் கடக்க வந்த அம்மாள் ஒருத்தி, அந்தக் கைகளுக்கு நடுவே தன் புதுக் கைப்பை நன்றாகத் தெரிகிற வரைக்கும் கணவனைப் படம் எடுக்க வைத்தாள். ஒரு பெரிய மனிதர் பாத்திரம் ஏந்திய சிமெண்ட் கையில் பிஸ்கட் உறையைத் திணித்துவிட்டுக் கும்பிட்டுப் போனார். இவர்களுக்கு ஞானம் ஒரு கேடா என்று நினைத்தபடி ஒலிபெருக்கியை வாயருகே கொண்டுபோவாள்.

தாலி கட்டினவனை விட்டு வந்த அன்று அவள் நேராக அண்ணன் வீட்டுக்குத்தான் போனாள். அண்ணன் கதவைப் பாதிதான் திறந்தான். "ஊர் என்ன சொல்லும்? திரும்பிப் போ" என்றான். "நீயா வந்து கூப்பிடற வரைக்கும் உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். பிறகு சலவைக் கடை, வண்டி நிறுத்துமிடம், கடைசியில் இந்தப் பாலம். எங்கே போனாலும் தொண்டைதான் சோறு போட்டது. சின்ன வயதில் அண்ணன் அந்தத் தொண்டைக்காகவே அவளைச் சில்வண்டு என்று கூப்பிடுவான். அந்தப் பேரை அவன் வாயால் கேட்காமல் அவனோடு பேசுவதில்லை என்பதில் மட்டும் அவள் அசையவே இல்லை.

ஒருநாள் காலை வழிகாட்டியின் கூட்டத்தில் அண்ணன் நின்றான்.

தொப்பை போட்டிருந்தது. தலைக்குச் சாயம் வேறு. அவளுக்கு எதிரிலேயே நின்று, குழியிலிருந்த கைகளைப் பார்த்து, "தத்ரூபமா இருக்கு" என்றான். அவள் முகம் துணிக்குள் இருந்தது. வாயைத் திறந்தால் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவான். நானாகவா காட்டிக்கொள்வேன்? ஒலிபெருக்கியை மடியில் கிடத்தினாள். அண்ணன் பாலத்தில் ஏறிப் போனான்.

"என்ன தகரத்தொண்டை, இன்னிக்கு மௌன விரதமா?" என்றார் வழிகாட்டி.

"நீங்க ஞானத்தை வித்துட்டு வாங்க, போங்க" என்று முணுமுணுத்தாள்.

அப்போது பின்னால் வந்த ஒரு ஜோடி, படம் எடுக்கக் கைப்பிடிச் சுவரில் ஏறி உட்கார்ந்தது. விழுந்தால் சிமெண்ட் விரல்கள்தான் தாங்கும். வேறு வழியில்லை. ஒலிபெருக்கியை எடுத்தாள்.

"இறங்குங்க! ஏய், பச்சைச் சட்டை! இறங்குங்க!"

பாதிப் பாலத்தில் அண்ணன் சட்டென்று நின்றான். திரும்பினான். வருகிறவர்களை இடித்துக்கொண்டு அவளை நோக்கி நடந்தான். அவன் வாய் அசைந்தது. அந்த நொடியில், தினமும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த அவள் நாக்கு தானாகவே ஓடிவிட்டது.

"திரும்பாதீங்க! நேரா போங்க!"

அவன் என்ன சொன்னான் என்பது அந்தச் சத்தத்தில் மூழ்கிப்போனது. அண்ணன் அப்படியே நின்றான். தலையை ஆட்டிக்கொண்டான். சொன்னபடியே நேராகப் போனான்.

வெளியே போகும் வழி கோயிலின் பின்பக்கம். பேருந்தும் அங்கேதான் நிற்கும். போய்விட்டால் போனதுதான்.

அவள் ஒலிபெருக்கியை ஸ்டூலில் போட்டுவிட்டுப் பாலத்தில் ஏறினாள். வேலைக்கு வந்த நாளிலிருந்து ஒருதடவைகூட அதைக் கடந்ததில்லை. பாலம் முழுக்க ஆட்கள். குடை, கைப்பை, நீட்டிய போன்கள். "நகருங்க! வழியை விடுங்க!"

"எல்லாரையும் நிக்காதேன்னு விரட்டுவே. இன்னிக்கு உனக்கு என்ன ஆசை, இந்த ஓட்டம் ஓடுறே?" என்று வழிகாட்டி பின்னாலிருந்து கத்தினார். கூட்டம் சிரித்தது. அவள் இடித்துக்கொண்டு ஓடினாள். கீழே நீண்டிருந்த கைகளைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அந்தப் பக்கத்தில், மண்டபத்துக்குள் போக எல்லோரும் செருப்பைக் கழற்றும் இடத்தில், அண்ணன் குனிந்து ஷூவின் கயிற்றோடு போராடிக்கொண்டிருந்தான். தொப்பை இடித்தது. அவள் மூச்சிரைக்க எதிரே வந்து நின்றாள். முகத்துணியை இறக்கினாள். பேசவில்லை.

அண்ணன் நிமிர்ந்தான்.

"வர்றவனைப் போன்னு சொல்ற. போறவன் பின்னாடி ஓடி வர்ற. உனக்கு என்னதான் வேணும், சில்வண்டு?"

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"தலைக்கு இந்தச் சாயத்தை யாரு அடிச்சு விட்டா? கண்ணால பாக்க சகிக்கலை" என்றாள். அண்ணனின் ஷூக் கயிற்றை அவிழ்க்க உட்கார்ந்தாள்.