அத்தையோடு படித்த ஜப்பானிய மொழி

அந்தக் கட்டடத்தில் அவளை ஜப்பான்காரி என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அவள் ஜப்பானுக்குப் போனதுமில்லை, ஜப்பான்காரர் ஒருவரை நேரில் பார்த்ததுமில்லை. பட்டப்பெயர் உபயம் அவளுடைய மூத்த நாத்தனார். பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அந்த அம்மாள், துணியை அளந்து வெட்டுவாளே தவிரப் பேச்சை அளந்ததே கிடையாது. "என்ன, ஜப்பான்காரி மேல இருக்காளா?" என்று கீழே நின்று ஒருநாள் கத்தினாள். காவலாளியிலிருந்து தண்ணீர் கேன் போடுகிறவர் வரை எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

அதற்கு முன்பு அவள் ஓர் ஆடைக் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவள். சட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் போதும், எந்தத் தையல் ஓடியிருக்கிறது, எந்தக் காஜா கோணியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். அந்த வேலை போனது ஒரு சாயங்காலத்தில். மாமியார் குளியலறையில் விழுந்து, வலது கையும் காலும் நாக்கும் ஒரே நாளில் வராமல்போய், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, புருஷன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே சொன்னான்: "உங்க கம்பெனிக்கு ஃபோன் பண்ணிட்டேன். நாளையிலேர்ந்து நீ வரமாட்டேன்னு சொல்லிட்டேன்."

"என்னை ஒரு வார்த்தை கேக்கலியே?"

"இதுல கேக்க என்ன இருக்கு?"

அவன் லிஃப்ட் மெக்கானிக். பாதி வழியில் மாட்டிக்கொண்டவர்களைக் கதவைத் திறந்து வெளியே எடுத்துவிடுவது அவன் தொழில். வீட்டில் அந்தத் தொழிலைச் செய்ய அவனுக்குத் தோன்றியதே இல்லை. கெட்டவன் என்று சொல்ல முடியாது. நல்லவன் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

மாமியாரின் நாக்கைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். நரம்பில்லாத நாக்கு என்பார்களே, அதற்கு அந்த அம்மாள்தான் சாட்சி. மருமகள் வந்த புதிதில் ஜன்னலைத் திறந்தாலும் திட்டு, திறக்காவிட்டாலும் திட்டு. "இந்த வீட்ல எதைத் தொட்டாலும் என்னைக் கேட்டுட்டுத் தொடு" என்பதுதான் தினசரி வேதம். அந்த நாக்கு விழுந்த பிறகு வீடு அமைதியானது. மருமகள் கடமையில் குறை வைக்கவில்லை. துடைத்தாள், ஊட்டினாள், துணி மாற்றினாள். ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. மூட்டையைப் புரட்டுவதுபோல அத்தையைப் புரட்டிப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போனாள். எப்போது புரட்ட வேண்டும் என்று யாரும் சொல்லாததால் முதுகில் புண் வந்தது. நாத்தனார் வந்து பார்த்து, "பெத்த தாயா இருந்தா இப்படி விடுவியா?" என்று கேட்டுவிட்டு, கடைக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள்.

ஜப்பான் பேச்சு வந்தது பழைய கம்பெனித் தோழியிடமிருந்து. "அங்க வயசானவங்களைப் பாத்துக்க ஆள் எடுக்கறாங்களாம்டி. பாஷை மட்டும் தெரிஞ்சா போதுமாம். நீதான் இங்க ஓசியிலயே செஞ்சுக்கிட்டு இருக்கியே!" என்று சிரித்தாள். தோழி சிரித்ததை மறந்துவிட்டாள். இவளால் மறக்க முடியவில்லை. வேலை கிடைத்தால் தங்க ஓர் அறை தருவார்கள் என்றும் தோழி சொல்லியிருந்தாள். ஓர் அறை, அதன் சாவி தன் கையில், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் யாரும் கூப்பிட மாட்டார்கள். ஜப்பானே அவளுக்கு அவ்வளவுதான். அதற்காக எதையும் படிக்கத் தயாராக இருந்தாள்.

வகுப்புக்குப் போக வழியில்லை. கட்டிலை விட்டு நகர்ந்தால்தானே. தானாகத்தான் படிக்க வேண்டும். தானாகப் படிக்கலாம் வாருங்கள் என்று ஊரில் உள்ளவர்கள் எல்லாம் கூப்பிடுகிறார்கள். கூப்பிட்ட பிறகு நடுத்தெருவில் விட்டுவிடுகிறார்கள். முதலில் ஃபோனில் ஓர் ஆப் இறக்கினாள். சரியாகச் சொன்னால் மணி அடித்தது, பட்டாசு வெடித்தது, பதக்கம் கொடுத்தது. பூனை மேசைக்கு அடியில் இருக்கிறது, ஆப்பிள் சிவப்பாக இருக்கிறது என்று வாரக்கணக்கில் சொல்லிக்கொடுத்தது. பதக்கங்கள் குவிந்தன. தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்க மட்டும் வரவில்லை.

அடுத்தது ஒரு குரூப். ஜப்பானிய மொழி கற்போம் என்று பெயர். அங்கே யாரும் கற்கவில்லை. காலையில் பூப்படம், மத்தியானம் லிங்க், சாயங்காலம் "அந்த லிங்க் ஓபன் ஆகலையே, மறுபடி போடுங்க" என்று ஒரு புலம்பல். ஆளுக்கு ஆள் புத்தகங்களை அனுப்பித் தள்ளினார்கள். பக்கம் தலைகீழாக ஸ்கேன் செய்த இலக்கணம் ஒன்று, ஒலி இல்லாத ஒலிப்பயிற்சி ஒன்று. அவளும் கொஞ்ச நாள் சேர்த்துக்கொண்டே போனாள். சேர்ப்பதே படிப்பு என்று நினைக்க வைக்கும் சோம்பேறித்தனம் அது. ஃபோனில் இடம் இல்லை என்று வந்த அன்றைக்குத்தான் புத்தி வந்தது, எல்லாவற்றையும் அழித்தாள்.

பழைய புத்தகக் கடையில் ஒரு பாடப்புத்தகம் அகப்பட்டது. யாரோ அதில் பென்சிலால் விடைகளை எழுதி, பாதியைத் தப்பாக எழுதி, ஒன்பதாம் பாடத்தோடு ஓடிப்போயிருந்தார்கள். அந்தப் புத்தகம் உதவியது. செக்கிங் கண் அல்லவா, முன்னவர் செய்த தப்பைக் கண்டுபிடித்துக் கண்டுபிடித்தே எழுத்துகள் பிடிபட்டன. வீட்டுச் சாமான்களில் எல்லாம் பெயர்ச்சீட்டு ஒட்டினாள்: கதவு, ஜன்னல், நாற்காலி, கட்டில். நாத்தனார் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, அம்மா கட்டிலில் ஒட்டியிருந்ததைப் பார்த்து அலறிவிட்டாள். "என்னம்மா இது, செய்வினை கிய்வினை வச்சுட்டியா?"

"கட்டில்னு எழுதியிருக்குக்கா."

"கட்டில்னு எங்களுக்கே தெரியும். பிச்சுப் போடு."

பிய்த்துப் போட்டாள். அன்றைக்குத்தான் ஜப்பான்காரி என்ற பெயர் பிறந்தது.

உண்மையில் அவளுக்குக் கைகொடுத்தது யாருமே பார்க்காத ஒரு வீடியோ வரிசை. ஜப்பானில் எங்கோ ஒரு முதியோர் இல்லம் தன் புதிய பணியாளர்களுக்காக எடுத்துப் போட்டது. பாட்டில்லை, பட்டாசில்லை, பதக்கமில்லை. முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாத நடுவயதுப் பெண் ஒருத்தி, கட்டிலில் படுத்திருக்கும் கிழவரை எப்படித் திருப்புவது, எப்படி உட்கார வைப்பது என்று மெதுவாகச் செய்துகாட்டினாள். இரண்டு மணிக்கொருதரம் பக்கம் மாற்ற வேண்டும் என்பதையே இவள் அதில்தான் தெரிந்துகொண்டாள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் அந்தப் பெண் ஒரு வாக்கியம் சொன்னாள். இப்போது வலது பக்கம் திருப்பப்போகிறேன், யொரோஷீ தெஸ்க? அதாவது, பரவாயில்லையா என்று மரியாதையாகக் கேட்பது. கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். கிழவர் ஹாய் என்று சொன்னார். அவர்கள் பாஷையில் ஆமாம். அப்புறம்தான் கையை வைத்தாள். கேட்காமல் தொடக்கூடாது, பதில் வராமல் நகர்த்தக்கூடாது. அங்கே அது தொழிலின் முதல் பாடம்.

பயிற்சிக்கு ஆள் வேண்டும். ஆள் ஹாலில்தான் படுத்திருந்தது.

முதல் நாள் அவளுக்கே சிரிப்பாக இருந்தது. கட்டிலோரம் நின்று, லேசாகக் குனிந்து, வலது பக்கம் திருப்பப்போகிறேன், யொரோஷீ தெஸ்க என்றாள். மாமியார் அவளைப் பேயைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். இவள் மனதுக்குள் பத்து எண்ணிவிட்டுத் திருப்பினாள். இதையே தமிழில் கேட்டிருக்க அவளால் முடியாது. தமிழில் வாயைத் திறந்தால் பழைய பேச்செல்லாம் சேர்ந்து வந்துவிடும். அந்தப் புது பாஷையில் அவளை யாரும் திட்டியதில்லை, அவளும் யாரையும் சபித்ததில்லை. அதில் மரியாதையாக இருப்பது சுலபமாக இருந்தது.

சொல்லிச் சொல்லி, கேட்டுக் கேட்டு, மாதங்கள் போயின. பக்கம் மாற்றி மாற்றிப் படுக்க வைத்ததில் முதுகுப் புண் ஆறியது. தலையணையை நிமிர்த்துகிறேன், யொரோஷீ தெஸ்க என்று கேட்ட ஒரு காலையில், கட்டிலிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. "ஹாய்."

புருஷன் பல் துலக்கிக்கொண்டிருந்தவன் நுரையோடு ஓடிவந்தான். அம்மா தனக்கு இங்கிலீஷில் வணக்கம் சொல்கிறாள் என்று நினைத்துப் பதிலுக்கு "ஹாய்மா" என்றான். விஷயம் தெரிந்து நாத்தனார் வந்து, தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "எங்கம்மா வாய் தொறந்தும் தமிழ் வரலியே, ஜப்பான்காரியா ஆக்கிட்டாளே!" அழுகையில் பாதி சந்தோஷம்தான். அந்த ஒரு சொல்லைத் தவிர வேறெதுவும் அதற்குப் பிறகும் வரவில்லை. ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் ஹாய் வந்தது. மருமகளுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்ல வேண்டியதில்லை. பதில் சொல்லும் வாய் ஒன்று கிடைத்தால் எந்த பாஷையும் வந்துவிடும்.

புருஷன் வீட்டில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் எழுதி, மொழித் தேர்வில் தேறினாள். ஆள் எடுக்கும் ஆபீஸில் நேர்முகம் வைத்தார்கள். கட்டிலில் பொம்மையைப் படுக்க வைத்து எழுப்பி உட்கார வைக்கச் சொன்னார்கள். திரையில் ஜப்பான்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மற்ற பெண்கள் விறுவிறுவென்று தூக்கினார்கள். இவள் பொம்மையைக் கேட்டாள், காத்திருந்தாள். அடுத்த வாரமே ஃபோன் வந்தது. தேர்வாகிவிட்டாள். வெள்ளிக்கிழமைக்குள் புருஷன் வந்து சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். பாதியில் திரும்பி ஓடிவந்த பெண்களால் பட்ட அனுபவமாம்.

"கையெழுத்து தானே, போட்டா போச்சு" என்றான் லிஃப்ட் மெக்கானிக். மூச்சு விடுவதற்குள், "அக்காவையும் ஒரு வார்த்தை கேட்டுடலாம்" என்றான்.

அக்கா வந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்து இவள் பதில்களை அடுக்கி வைத்திருந்தாள். நாத்தனார் திட்டவில்லை. அம்மாவின் ரவிக்கையை விலக்கி முதுகைக் காட்டினாள். "பாருடா, குழந்தை முதுகு மாதிரி இருக்கு. எந்த ஆஸ்பத்திரி இப்படிப் பாத்துக்கும்? இவ கைராசி. ஏம்மா, நீ போயிட்டா எங்கம்மா ஒரு மாசம் தாங்குவாளா? சொல்லு."

"உங்க வீட்ல கொஞ்ச நாள் வச்சுக்கங்கக்கா. எப்படி திருப்பணும்னு நான் சொல்லித் தரேன்."

"எங்க மாடிப்படி உனக்குத் தெரியாதா? கட்டில் ஏறுமா?"

"ஆள் வச்சுக்கலாங்க" என்றாள் புருஷனிடம்.

அவன் தரையைப் பார்த்தான். "வர்ற ஆளுக்கு உன் மாதிரி வருமா?"

நன்றாகச் செய்ததுதான் குற்றம் என்று அவளுக்குப் புரிந்தது. மூட்டையாகவே புரட்டிக்கொண்டிருந்தால், போய்த் தொலை என்று அனுப்பியிருப்பார்கள். அந்த எரிச்சலில்தான் அவளுக்கு ஒரு தந்திரம் தோன்றியது.

"சரி. அத்தை உடம்பு, அத்தை வீடு. அத்தையையே கேக்கறேன். அவங்க சரின்னா கையெழுத்து போடுவீங்களா?"

புருஷன் தலையாட்டினான். எதற்கும் தலையாட்டுகிறவன். நாத்தனார் நகர்ந்து கட்டிலுக்கு வழி விட்டாள். எதைக் கேட்டாலும் ஹாய் என்று சொல்லும் வாய், கேட்பதுதான் பாக்கி. அவள் கட்டிலோரம் போய், வழக்கம்போலக் குனிந்து, ஜப்பானுக்குப் போகப்போகிறேன், யொரோஷீ தெஸ்க என்று கேட்டாள்.

மாமியார் அவளை நிமிர்ந்து பார்த்தாள். வாய் திறக்கவில்லை.

புரியவில்லையோ என்று தமிழிலும் கேட்டாள். அத்தையிடம் தமிழில் பேசி எத்தனை காலமாகியிருந்தது! "நான் வேலைக்குப் போகட்டுமா அத்தை?"

உதடுகள் ஒட்டிக்கொண்டன. இடது கை போர்வையைப் பிடித்துக்கொண்டது. இவள் காத்திருந்தாள். காத்திருக்கத்தான் படித்திருந்தாளே.

நாத்தனார் முன்னால் வந்தாள். "அம்மா, இவ இங்கயே உன்கூட இருக்கட்டுமா?"

"ஹாய்" என்றாள் மாமியார், கணீரென்று.

அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? புருஷன் முகத்தில் நிம்மதி பரவியதை அவள் பார்த்தாள். அதைத்தான் அவளால் கடைசிவரை மன்னிக்க முடியவில்லை. "என்னை யாராவது கேட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். நாத்தனார் கடைக்கு நேரமாகிறது என்று செருப்பைத் தேடினாள். வெள்ளிக்கிழமை வந்தது, போனது. அந்த இடம் வேறு ஒருத்திக்குப் போயிற்று.

போயிருக்கலாமே, கையெழுத்தை யாரிடமாவது வாங்கியிருக்கலாமே என்று கேட்பவர்கள் கேட்கட்டும். மாட்டிக்கொண்ட லிஃப்டுக்கு வெளியே நிற்பவர்களுக்கு ஆயிரம் யோசனை வரும்.

ஃபோனில் இருந்த அந்த இல்லத்தின் வீடியோக்களை அழித்தாள். புத்தகத்தைப் பழைய புத்தகக் கடைக்கே கொண்டுபோய்ப் போட்டாள். இப்போதும் இரண்டு மணிக்கொருதரம் கட்டிலுக்கு வருகிறாள். முதுகில் புண் இல்லை, படுக்கை விரிப்பில் சுருக்கம் இல்லை. ஒருவரும் குறை சொல்ல முடியாது. குனிவதில்லை, கேட்பதில்லை. ஒரு கையைத் தோளுக்கடியிலும் ஒரு கையை இடுப்புக்கடியிலும் கொடுத்து, ஒரே இழுப்பில் சுவரைப் பார்க்கத் திருப்பிவிடுகிறாள். திருப்புவதற்கு முன்னால் அந்த அம்மாள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, கேட்காத கேள்விக்கு ஹாய், ஹாய் என்று சொல்லிப் பார்க்கிறாள்.