தசரதன் வைத்த இச்சி மரம்

காலை ஐந்து இருபதுக்குத் தெரு வாட்ஸ்ஆப் குழுவில் செய்தி வந்தது: "நம்ம தெருவுக்குத் தண்ணி தொறந்து விடுற தசரதன் நைட்டு ஹார்ட் அட்டாக்ல இறந்துட்டாராம்." அடுத்த நிமிடமே அதன் கீழே ஒரு கேள்வி: "அப்போ இன்னைக்கித் தண்ணி வராதா?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வாசலில் நிற்கும் இச்சி மரத்தில் குண்டுகரிச்சான் பாடிக்கொண்டிருந்தது. ஆள் போன பிறகும் அவருக்குத்தான் பாடுகிறது என்று பட்டது. இறந்தவர் மேல் பொறாமைப்படுவது எவ்வளவு கேவலம் என்று தெரியும். ஆனாலும் பட்டேன்.

தசரதனுக்குக் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கிராமம். செங்கம் சாலையிலிருந்து பிரியும் எங்கள் தெருவுக்கும் அதை ஒட்டிய நான்கு தெருக்களுக்கும் தண்ணீர் திறந்துவிடும் ஒப்பந்த வேலை. பதினாறு வருடம் பார்த்தார். குறுக்குப் பிடி வைத்த நீண்ட இரும்புச் சாவி அவர் சைக்கிள் பாரில் எப்போதும் கட்டியிருக்கும். ஒன்பதாவது வரை படித்தவர். நான் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் ஆசிரியன். என் பொறாமையில் பாதி இதற்குள்தான் இருக்கிறது.

ஞாயிறுதோறும் மொட்டைமாடியில் அரை மணி நேரம் நின்று பறவைகளைக் குறித்து வைப்பது என் வழக்கம். இந்தத் தெருவுக்கு வந்த முதல் வருடம் பத்தொன்பது வகை எழுதினேன். பிறகு காலிமனைகள் தங்கும் விடுதிகளாயின. ஒவ்வொரு வாசலுக்கும் சிமெண்ட் போட்டார்கள். வேம்பும் புங்கமும் போயின. ஏழாவது வருடம் என் நோட்டில் காகம், புறா, மைனா தவிர இரண்டே பெயர்கள். குண்டுகரிச்சான் இல்லை. கறுப்பும் வெள்ளையுமான சின்னப் பறவை அது. தரையில் இறங்கிப் பூச்சி தின்னும், விடியும் முன்பே சீட்டியடிப்பது போலப் பாடும். அது என் வாசலுக்குத் திரும்பி வர வேண்டும், அதுவும் என்னால் வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதன் பாட்டைப் பற்றித் தசரதனிடமும் சொல்லியிருக்கிறேன்.

தெரு நலச் சங்கத்தில் பேசிப் பன்னிரண்டு கன்றுகள் வாங்கினேன். சீக்கிரம் வளரும், எப்போதும் பச்சையாக நிற்கும் என்று நர்சரிக்காரர் சொன்ன ஏதோ வெளிநாட்டு ஜாதி. ஒவ்வொன்றுக்கும் இரும்புக் கூண்டு, கூண்டில் தகரப் பலகை: 'நட்டவர் வெ. குமரேசன், எம்.எஸ்சி.' என் வாசல் கன்றையும் சேர்த்து ஒன்பது அந்தக் கோடையிலேயே காய்ந்தன. பிழைத்த மூன்றில் காகம்கூடக் கூடு கட்டவில்லை. பறவை தின்னப் பழம் இல்லை, இலையைக் கடிக்கப் பூச்சி இல்லை. படித்தவனுக்கு இது முன்னமே தெரிந்திருக்க வேண்டும்.

தசரதன் கன்று எதுவும் வாங்கவில்லை. நீர்மட்டம் பார்க்க மேல்நிலைத் தொட்டியில் ஏறும்போது, விரிசல்களில் பறவை எச்சத்திலிருந்து முளைத்திருக்கும் செடிகளைப் பிடுங்கிப் போடுவதும் அவர் வேலை. அவர் பிடுங்கினார், போடவில்லை. அத்தி, இச்சி, வேம்பு எல்லாவற்றையும் ஈரத்துணியில் சுற்றி டிபன் டப்பாவில் கொண்டுவருவார். வால்வுக் குழியிலிருந்து கசிந்த தண்ணீர் ஓடிப்போய்த் தேங்கும் இடமாகப் பார்த்து நடுவார். எங்கே எவ்வளவு கசிகிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

"தண்ணி சும்மா சாக்கடைக்குப் போவுது சார். இதுங்களாவது குடிக்கட்டுமே" என்பார்.

என் வாசல் கூண்டுக்குள் காய்ந்த குச்சி நின்ற இடத்தில் ஒரு நாள் இச்சிக் கன்று இருந்தது.

"யாரு வெச்சது தசரதன்?"

"நான்தான் சார். கூண்டு சும்மா இருந்துச்சி. ஆடு திங்காதேன்னு வெச்சேன். கோச்சிக்காதீங்க."

"பலகையில என் பேர் இருக்கே."

"இருக்கட்டும் சார். குருவிக்குப் படிக்கவா தெரியும்?"

அவர் கேலியாகச் சொல்லவில்லை. எனக்குக் கேலியாகத்தான் கேட்டது. பிறகு கன்று காற்றில் சாயாதிருக்கக் கூண்டோடு சேர்த்து நான்கு இடங்களில் கம்பி சுற்றிக் கட்டினேன். அந்த மரத்துக்கு நான் செய்தது அது ஒன்றுதான்.

ஐந்தாம் வருடம் மரம் மாடியைத் தாண்டியது. பழம் விட்டதும் குக்குறுவான் வந்தது, கொண்டைக்குருவிகள் வந்தன. கீழே உதிர்ந்த இலையை ஒரு நாள் நான் கூட்டப் போனபோது தசரதன் தடுத்தார்.

"கூட்டாதீங்க சார். அதுக்குள்ள பூச்சி ஜாஸ்தி. கீழ எறங்கித் தின்ற குருவியும் இருக்கில்ல."

மாசி மாதம் ஒரு விடியலில் அந்தச் சீட்டி கேட்டது. ஓடி வந்தேன். எனக்கு முன்பே தசரதன் சாவியோடு நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டாரு சார், உங்க பாட்டுக்காரரு."

எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். எத்தனையோ வருடம் காத்திருந்த பாட்டை அன்றைக்கு நான் கேட்கவில்லை.

எங்கள் ஊர் ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த நந்தினி என்ற பெண் பறவைக் குரல்களைப் பதிவு செய்ய வந்தாள். பலகையைப் படித்துவிட்டு, "நீங்க வெச்ச மரமா சார்? ரொம்பப் பெரிய காரியம் பண்ணியிருக்கீங்க" என்றாள். பத்தடி தள்ளித் தசரதன் குனிந்து வால்வைத் திருப்பிக்கொண்டிருந்தார். அவருக்கு நிச்சயம் கேட்டிருக்கும்.

"ஆமாங்க" என்றேன்.

அவள் போனதும் தசரதன் நிமிர்ந்தார். "எத்தன பாட்டு புடிச்சாங்களாம் சார்?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் அவரைக் கொஞ்சமாவது வெறுத்திருக்கலாம்.

போன மாதம் அவர் ஒரு கட்டிங் பிளேயரைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "கம்பி பட்டைக்குள்ள எறங்குது சார். மழைக்கு முன்ன அறுத்துடணும். நானே அறுத்திருப்பேன். உங்க பேர் போட்ட கூண்டாச்சே, நீங்களே கழட்டிடுங்க."

சரி என்றேன். விடைத்தாள் திருத்தல், தலைவலி, வெயில் என்று தினமும் ஒரு காரணம் கிடைத்தது. உண்மைக் காரணம் ஒன்றுதான்: கூண்டு போனால் பலகையும் போகும்.

செய்தி வந்த அன்று அவர் ஊருக்குப் போனேன். நான் யார் என்று சொன்னதும் அவர் மனைவி ஜோதியம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்கதானா அந்த சார்? சார் வெச்ச மரத்துல ஒரு குருவி பாடுது, நீ ஒரு நா வந்து கேளுன்னு சொல்லிக்கினே இருப்பாருங்க."

"அந்த மரம் அவர் வெச்சதுங்க. நான் வெச்சது செத்துப்போச்சு."

"எங்கிட்ட அப்பிடிச் சொல்லலீங்களே" என்றார். பிறகு, "ஆறுதலுக்குச் சொல்றீங்க" என்று தானே முடித்துக்கொண்டார். பெண்டாட்டியிடம்கூட அந்த மரத்தை அவர் எனக்கே கொடுத்திருந்தார். அப்படி ஒரு மனது அவருக்கு எப்படி வாய்த்தது என்று அங்கேயும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். கீழ்க் கம்பிகள் இரண்டையும் அறுத்தேன். அவை இருந்த இடத்தில் விரல் பதியும் அளவு பள்ளம். மேலே உள்ள இரண்டும் பலகையைச் சேர்த்துக் கட்டியவை. அவற்றை இன்னும் அறுக்கவில்லை.