பார்த்துவிட்டுக் கொடுத்தேனா, கொடுத்துவிட்டுப் பார்த்தேனா

அமெரிக்காவில், ஃப்ரீமான்ட் நகரின் அர்ஜென்ட் கேர் அவசர சிகிச்சை மையத்தில் காத்திருந்தபோது, என் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் ஸ்வெட்டர் பொத்தான்களை ஒன்று தள்ளிப் போட்டிருந்தார். மடியில் ஒரு நோட்டு. உள்கதவு திறக்கும்போதெல்லாம் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்ப்பார்.

என் இரண்டு வயது மகள் தோளில் கொதித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் தெர்மாமீட்டர் நூற்று மூன்று காட்டியது மருந்துக்கு முன்பா, பின்பா என்று நர்ஸ் கேட்டுவிட்டுப் போயிருந்தார். பின்பு என்றால் காய்ச்சல் மருந்துக்குக் கேட்கவில்லை என்று அர்த்தம்.

"பாத்துட்டு குடுத்தேனா, குடுத்துட்டு பாத்தேனான்னே ஞாபகம் இல்லப்பா," என்று போனில் கணவரிடம் அழுதேன்.

"முன்னாடின்னே சொல்லிடு," என்றார்.

போனை வைத்ததும் பக்கத்திலிருந்தவர் தமிழில் பேசினார்.

"சாரி, காதுல விழுந்துச்சு. என் ரிசர்ச்சே எது முன்னாடி, எது பின்னாடிங்கிற இந்த வரிசைதாங்க. நான்-கம்யூட்டேட்டிவ் ஜியோமெட்ரின்னு பேரு. பிரபஞ்சம் பிறந்த புதுசுல, ரொம்பச் சின்ன அளவுல, நீளவாக்குல அளந்துட்டு அகலவாக்குல அளந்தா ஒரு விடை, மாத்தி அளந்தா வேற விடைன்னு வச்சு கணக்கு போடறோம்."

நோட்டில் என் இரண்டு வாக்கியங்களையும் எழுதி, நடுவில் சமக்குறி போட்டு, அதை அடித்தார்.

"அப்ப நான் என்ன சொல்றது?"

"தெரியலைன்னு சொல்லுங்க. யூகிச்சு சொன்னா டாக்டர் அதை நம்பிடுவாங்க."

திரும்பி வந்த நர்ஸிடம் அப்படியே சொன்னேன். எதற்கும் பின்பு என்றே வைத்துக்கொள்வோம் என்று அவர் உடனே உள்ளே அழைத்துப் போனார். மகளுக்குக் காய்ச்சல் இறங்கி நாங்கள் வெளியே வந்தபோது நோட்டுக்காரரின் நாற்காலி காலியாக இருந்தது.

வரிசையே வேலை என்றவர், பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடிவந்திருக்கிறார். உள்ளே அவருக்கு யார் என்று நான் கேட்கவே இல்லை.