மங்காத விளக்கு

பிரேசில் என்றால் வருடம் முழுக்க வெயில் என்று நினைப்பவர்களை, எங்களுக்குக் குளிர்காலமான ஜூலை மாதத்தில் ஒரு நாள் எங்கள் லாஜெஸ் ஊருக்குக் கொண்டுவந்து பச்சைத் தண்ணீரில் நிறுத்த வேண்டும். புல்லெல்லாம் உறைபனி. அப்படியும் இங்கே யாரும் குளிக்காமல் இருக்க மாட்டார்கள். ஒரு நாள் விட்டால் அக்கம்பக்கத்தில் பேச்சாகிவிடும். பேசுகிறவள் பெரும்பாலும் நான்தான்.

சுல்மிரா என் அடுத்த வீட்டுக்காரி. பெரிய வீடுகளுக்குப் போய்த் துணி தேய்ப்பாள், மிச்சத்தை மூட்டை கட்டி எடுத்து வருவாள். புருஷன் அன்செல்மோ மரம் அறுக்கும் மில் தூசியில் நெஞ்சைக் கெடுத்துக்கொண்டு வீட்டோடு இருக்கிறார். போன குளிர்காலத்தில் நிமோனியா வந்து பிழைத்ததே பெரிய விஷயம். இன்னொரு தடவை தாங்காது, வெந்நீரில்தான் குளிக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

எங்கள் தெருவில் எல்லாருக்கும் தண்ணீரைச் சுடவைத்துக் கொட்டும் மின்சார ஷவர்தான். வாங்கும்போது மலிவு, அப்புறம் மாதாமாதம் உயிரை வாங்கும். அது ஓடினால் வீட்டு விளக்குகள் மங்கும். உள்ளே யார் எவ்வளவு நேரம் குளிக்கிறார்கள் என்பது கூடத்திலேயே தெரிந்துவிடும்.

அன்று சாயங்காலம் நான் அவர்கள் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். குளியலறையில் அன்செல்மோ குளிக்கும் சத்தம். சுல்மிரா இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு விளக்கையே பார்த்தாள். அது மங்காமல் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது; ஷவரின் சூட்டை அவர் போடவே இல்லை. அவள் முகம் வெளுத்தது. அன்செல்மோ துவட்டிக்கொண்டே வந்து, தண்ணீர் சுகமாக இருந்தது என்றார். உதடு நீலம் பாரித்திருந்தது.

"பொய் சொல்றவன் பல்லு தந்தியடிக்காம சொல்லணும், கிழவா," என்றாள் சுல்மிரா.

"கரண்டு பில்லு ஏறினா நீதான மிரா இன்னும் ரெண்டு மூட்டை தேய்க்கணும்," என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

நான் மிச்சக் காபியை அவர் கையில் கொடுத்தேன்.

மறுநாளிலிருந்து சுல்மிரா துணி தேய்க்கப் போன வீடுகளில் எல்லாம் குளியலறையை விசாரித்தாள். பல் டாக்டர் வீட்டில் காஸ் ஷவர். சூடு வருவதற்குள் ஒரு வாளித் தண்ணீர் வீணாகப் போகிறது, காஸும் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்றார்கள். எங்களைப் போன்றவர்கள் வீட்டில் காஸ் தீர்ந்தால் அவரைப் பருப்பு வேகாது. வக்கீல் வீட்டில் கூரைமேல் வெயிலிலேயே தண்ணீரைச் சுடவைக்கும் குழாய்கள். மாதச் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை, ஆனால் மாட்டுவதற்கு ஆகும் தொகையைக் கேட்டு அவள் சிரித்துவிட்டாளாம். சிரித்துவிட்டு, அந்தக் குழாயைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள். நிழலில் பனி கரையாமல் கிடக்க, குழாய் கையைச் சுட்டதாம்.

அதை அவளால் மறக்க முடியவில்லை. தெருவில் காலியான பிளாஸ்டிக் சோடா பாட்டில், பால் வந்த அட்டைப்பெட்டி எதையும் விடவில்லை. வெயிலை இழுக்கட்டும் என்று அட்டைகளுக்குக் கறுப்புச் சாயம் பூசி, பாட்டில்களுக்குள் செருகி, நடுவே குழாயை ஓட்டி, வரிசை வரிசையாகக் கூரையில் கட்டினாள். சூடேறி வரும் தண்ணீர் ஆறாமலிருக்க, அது சேரும் பழைய தண்ணீர்த் தொட்டிக்குக் கம்பளி சுற்றினாள். குப்பைக்காரி கூரைக்கே குடிபோய்விட்டாள் என்று தெரு சிரித்தது. நானும்தான் சிரித்தேன். ராத்திரி உறைந்து குழாய் வெடித்தது. அடுத்த நாளிலிருந்து இருட்டுவதற்குள் குழாய்த் தண்ணீரை வடித்துவிட்டாள். கடும் குளிரில் அந்த ஒல்லி உடம்பு ஏணியில் ஏறி இறங்குவதைப் பார்க்கப் பார்க்க என் சிரிப்பு நின்றுபோயிற்று. பாட்டில் பொறுக்க நானும் இறங்கினேன்.

வெயில் நன்றாக அடித்த ஒரு நாள், சாயங்காலம் கூரைத் தண்ணீரில் குளிக்க அன்செல்மோவை உள்ளே அனுப்பினாள். தண்ணீர் விழுந்தது. விழுந்துகொண்டே இருந்தது. அவர் இவ்வளவு நேரம் குளித்து நான் கேட்டதில்லை. சுல்மிராவின் கண் பழக்கத்தில் விளக்குக்குப் போயிற்று. மங்கவில்லை. கையிலிருந்த சட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள்.

"மறுபடியும் பச்சத் தண்ணியில ஆரம்பிச்சிட்டியா? விளக்கு மங்கவே இல்லையே."

கதவு கொஞ்சமாகத் திறந்தது. வெள்ளை ஆவி கூடம் வரைக்கும் வந்தது. நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

"எப்படி மங்கும்? இது மத்தியான வெயிலு. கைய நீட்டிப் பாரு."

சுல்மிரா கையை உள்ளே நீட்டினாள். சட்டைக் கை தோள்வரை நனைந்தது. வெகுநேரம் அவள் கையை எடுக்கவே இல்லை.