வால் வெட்டிய சட்டை

தேவநாதனுக்குத் துணி என்றால் மரியாதை. அதற்குள் இருக்கிற மனுஷன் இரண்டாம்பட்சம். சிதம்பரம் தெற்கு வீதியில் முப்பது வருஷமாகத் தைக்கிறவர். யாராவது எதிரே வந்தால் முகத்தைப் பார்க்கமாட்டார், தோள்பட்டை இறங்கியிருக்கிறதா என்றுதான் பார்ப்பார். தைக்க வந்த துணியில் எங்கே கோணல் தெரிந்தாலும் கேட்காமலே கத்தரி வைத்துச் சரிசெய்துவிடுவார். அதற்குக் கூலியும் கேட்கமாட்டார். அதில் அவருக்கு ஒரு பெருமை.

அவருடைய அப்பா சின்னையன் தேவனாம்பட்டினத்து மீனவர். வாலிபத்தில், உலகச் சண்டைக்கு ஆள் எடுத்தபோது பட்டாளத்தில் சேர்ந்து, பர்மாவில் ஏரோப்ளேனிலிருந்து பாராசூட் கட்டிக் குதித்ததாகச் சொல்வார். வலை இழுக்கிறவன் வானத்திலிருந்து குதித்தானாம் என்று ஊரே சிரித்தது. காகிதமெல்லாம் பழைய புயல் ஒன்றில் போய்விட்டதால் அவரிடம் காட்டுவதற்கும் ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்தில் 'பாராசூட்டு மவனே' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தேவநாதன் எட்டாம் வகுப்போடு நின்றார். அந்தக் கோபம் ஐம்பத்தைந்து வயதிலும் ஆறவில்லை. அப்பா புளுகுகிறார் என்று என்றோ முடிவுகட்டியிருந்தார்.

சுனாமிக்கு மறு மாதம், தேவநாதனின் அக்கா ராசம்மாள் வீட்டில் இருந்த கிழவர் சின்னையன் பஸ் ஏறிச் சிதம்பரம் வந்தார். செத்துப்போன மனைவியின் டிரங்குப் பெட்டி மண்ணில் புதைந்து கிடந்ததைத் தோண்டி எடுத்ததில், தொலைந்தே போயிற்று என்று அவர் நினைத்திருந்த பட்டாளத்துச் சட்டை அடியில் கிடந்ததாம். அலசி, காயவைத்து, மடித்துக் கொண்டுவந்திருந்தார்.

"அக்குள்ல பிரிஞ்சிருக்குடா. அவசரமில்ல, நல்லா விரிச்சிப் பாத்துட்டு மூட்டு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

தேவநாதன் விரித்தார். கனத்த காக்கித் துணிமேல் பச்சையும் மண்நிறமும் பட்டை பட்டையாக அடித்திருந்தது. கழுத்திலிருந்து பாதி மார்வரைக்கும்தான் ஜிப். பின்பக்க விளிம்பிலிருந்து முழ நீளத்துக்கு ஒரு துண்டு வால் மாதிரித் தொங்கியது. எந்தக் கேனையன் தைத்தானோ என்று அவருக்குச் சிரிப்பு வந்தது. வாலை வெட்டினார். அதையே இரண்டாக்கி அக்குளுக்கு ஒட்டுப் போட்டார். விளிம்பை மடித்து அடித்தார். வேலை சுத்தம், குறை சொல்ல முடியாது.

கிழவர் திரும்பி வந்து சட்டையைப் புரட்டிப் பார்த்தார்.

"வாலு எங்கடா?"

"ஒட்டுக்கு வெட்டிட்டேன். எவனோ கோணலா தச்சி வச்சிருந்தான். இப்பதான் சட்ட மாரி இருக்கு."

"அதாண்டா..." என்று ஆரம்பித்தார்.

"பர்மா கதையா? கடையில ஆளு இருக்குதுப்பா."

கிழவர் சட்டையை மெஷின்மேல் வைத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார். அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் உயிரோடு இருந்தார். மகனிடம் பர்மாப் பேச்சே எடுக்கவில்லை. ஒருவழியாகத் தொல்லை விட்டது என்று தேவநாதன் சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்று அவருக்குக் கூசுகிறது.

2012இல் பேண்ட் இடுப்பைப் பிரிக்கச் சிவசுப்ரமணியன் என்று ஒருவர் வந்தார். பட்டாளத்தின் துணி டிப்போவில் இருபத்தெட்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். தூசுக்கு மெஷின்மேல் போர்த்தியிருந்த சட்டையைக் கண்டதும் பேண்ட்டை மறந்துவிட்டார்.

"இது பிரிண்ட் இல்லை டெய்லர், பிரஷ்ல அடிச்ச சாயம். வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு. நானே ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கேன், அதுவும் கண்ணாடிப் பெட்டிக்குள்ள." முன்விளிம்பைத் தடவினார். "இங்க டிச் பட்டன் இருக்கே, இதோட ஜோடி எங்க? பின்னாடி ஒரு வால் இருந்திருக்கணுமே."

"இருந்துது சார்."

"அதைக் கால் நடுவுல கொண்டுவந்து இதுல மாட்டணும். இல்லேன்னா குதிக்கறப்போ காத்து சட்டையைத் தலைக்கு மேல தூக்கிடும். பாராசூட்ல குதிச்சவாளுக்குன்னே தச்சது. யாரோடது?"

ஜோடியில்லாத பட்டன் ஏழு வருஷம் தேவநாதனின் கண்ணெதிரே இருந்தது. துணி தெரிந்தவன் என்று பேர். மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு, சட்டையோடு தேவனாம்பட்டினத்துக்குப் பஸ் ஏறினார்.

அக்கா ராசம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னார். "நாந்தான்க்கா வெட்டுனேன். அவுரு சொல்ல வந்தாரு, நான் வுடல" என்று அழுதார்.

ராசம்மாள் ஒட்டைத் தடவிக்கொண்டே கேட்டாள்: "அன்னிக்கு மூட்டவா உங்கிட்ட வந்தாரு? எனக்கு ஊசி புடிக்கத் தெரியாதா? 'ஊரு சிரிச்சா சிரிக்கட்டும், எம் மவனுக்குத் துணி தெரியும், பாத்தா நம்பிடுவான்'னுட்டு கெளம்புனாரு."

"திரும்பி வந்து என்னா சொன்னாரு?"

"'பாத்துட்டான்'னாரு. வேற ஒண்ணும் சொல்லல. நீ நம்பிட்டேன்னுதான் தம்பி நான் இத்தினி வருசமா நெனச்சிக்கிட்டிருந்தேன்."