கோடு தெரியாத ஆட்டம்

அன்று காலை இரண்டு முழங்காலிலும் கட்டுப் போடும்போதே தெல்மா முடிவெடுத்துவிட்டாள். இதுதான் கடைசி ஆட்டம்.

எழுபத்தோரு வயது. முப்பது வருடம் தபால் நிலையத்தில் நின்றே வேலை பார்த்த கால்கள். படுத்த படுக்கையாகக் கிடந்த கணவனை ஆறு வருடம் தூக்கித் தூக்கி ஓய்ந்துபோன இடுப்பு. அவன் போன பிறகும் அந்த அலுப்பு மட்டும் போகவில்லை.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், அவளுடைய சிற்றூரில் இருக்கும் நூற்றாண்டு கண்ட டென்னிஸ் கிளப்புக்கு, நியூசிலாந்தில் ஒரு சகோதர கிளப் உண்டு. ஒரு வருடம் இவர்கள் போவார்கள், மறு வருடம் அவர்கள் வருவார்கள். யாருக்கு யார் எதிராளி என்பது மாறாது. சாப்பாடும் படுக்கையும் எதிராளி வீட்டிலேயே. ஆட்டம் முடிந்ததும் தேநீர் மேசையில் இருவரும் அடுத்த வருடத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும். ஒருத்தி போடாவிட்டால் இருவர் பெயரும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிடும்.

இருபத்தாறு வருடமாகத் தெல்மாவின் எதிராளி நயரி. முந்தின நாளே வந்து இறங்கியவளிடம் விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை.

நடுவர் கிடையாது. தன் பக்கம் விழும் பந்தை உள்ளே, வெளியே என்று அவரவரே சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தால் புள்ளி எதிராளிக்கு. தெல்மா அடித்த பந்து ஒரு சாண் வெளியே விழுந்தது. உள்ளே என்றாள் நயரி. அடுத்தது ஒரு முழம் வெளியே. அதுவும் உள்ளேயாம்.

"என்னடி, வள்ளலாயிட்டியா?" என்றாள் தெல்மா.

பக்கம் மாறும்போது நயரி தண்ணீர் பாட்டிலுக்காகப் பெஞ்சைத் தடவினாள். பாட்டில் அவள் கண்ணெதிரே இருந்தது.

தெல்மா அதை எடுத்து அவள் கையில் வைத்தாள். "எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம். இந்த வருஷம் ரொம்ப முத்திடுச்சு. பந்து மசமசன்னு வருது, அடிச்சிடுறேன். கோடுதான் தெரியல. எனக்கு எல்லாமே சந்தேகம்தான், அதான் எல்லாத்தையும் உனக்கே குடுத்துட்டேன்." குரலைத் தாழ்த்தினாள். "என் மகனுக்குத் தெரிஞ்சா அனுப்ப மாட்டான். இந்த ஒரு வாரத்தை நெனச்சுத்தான்டி வருஷம் பூரா எந்திரிக்கிறேன்."

அதன் பிறகு தெல்மா ஒரு பந்தையும் கோட்டருகே அடிக்கவில்லை. ஒவ்வொன்றையும் ஆடுகளத்தின் நடுவில், நயரியின் கைக்கே கொண்டுபோய்ச் சேர்த்தாள். ஆட்டம் நீண்டது. முழங்கால்கள் தீயாய் எரிந்தன. கடைசியில் தோற்றாள். கிளப்பில் எல்லோரும் அவளைக் கேலி செய்தார்கள்.

தேநீர் மேசையில் நோட்டு வந்தது. நயரி பேனாவை எடுத்துக்கொண்டு தயங்கினாள்.

"எங்கடி போடணும்?"

தெல்மா அவள் விரலைப் பிடித்துக் காகிதத்தில் வைத்தாள். "இங்க. என் பேருக்குக் கீழ."

"உன் பேரு இருக்குல்ல?"

மேல் வரி இன்னும் வெறுமையாகவே இருந்தது.

"இருக்குடி. போடு."

நயரி கோணலாகப் போட்டு முடித்தாள். தெல்மா பேனாவை வாங்கி, சத்தம் வராமல், மெதுவாகத் தன் பெயரை எழுதினாள்.