திறக்காதுங்கம்மா

நாற்பது வயதைத் தாண்டிய பிறகு என் கணவரின் கழுத்தில் மாணவர் அடையாள அட்டை தொங்கியது. தேயிலை விலை விழுந்து, எங்கள் எஸ்டேட் ஃபேக்டரியின் சங்கு ஊதாமல் போன வருடம் அது. ஆபீஸ் கிளார்க்காக இருந்தவர், பூட்டிய கதவின் முன்னால் சில மாதங்கள் போய் உட்கார்ந்து பார்த்தார். பிறகு ஊட்டியில் சுற்றுச்சூழல் மேற்படிப்பில் சேர்ந்துவிட்டார்.

"ஏனுங்க, இதப் படிச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டேன்.

"நமக்கு என்னதான் ஆச்சுன்னு தெரிஞ்சுக்கலாம்ல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் யாருக்கும் கோபம் வந்ததில்லை. நான் ஜாக்கெட் தைத்தேன். அவர் பஸ் ஏறிப் போய்வந்தார்.

தாவரவியல், பொருளாதாரம், சமூகவியல், சட்டம் என்று வெவ்வேறு பட்டம் வாங்கியவர்கள் அந்த வகுப்பில் ஒன்றாக உட்கார்ந்தார்கள். ஒரே மலையை ஆளுக்கொரு பாடத்தின் வழியாகப் பார்க்க வேண்டும். இரண்டாம் வருடக் கள ஆய்வுக்கு ஆசிரியர்கள் தேர்ந்தெடுத்தது எங்கள் எஸ்டேட்டை. தொழிலாளர்களைக் கேள்வி கேட்கும் வேலை இவருக்கு வந்தது.

ஆட்களைப் பெயர் கூப்பிடும் மஸ்டர் கொட்டகையில் எல்லோரும் கூடினோம். கிளார்க் படித்தவர்களைக் கூட்டி வருகிறார், ஃபேக்டரியைத் திறக்கப் போகிறார்கள் என்று தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயன் வீடுகளில் பேச்சு பரவியிருந்தது. சிறுவயதில் இலங்கையிலிருந்து வந்த ஓர் அம்மா, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் சுற்றும் சாக்கைக் கட்டிக்கொண்டே வந்திருந்தார்.

"கிளார்க் ஐயா, ஃபேக்டரி எப்ப தெறப்பாங்க?"

இவர் கேள்வித்தாளைக் கீழே வைத்தார். பிறகு, "திறக்காதுங்கம்மா" என்றார்.

அடுத்த மாதம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். பேச்சுவார்த்தை நடக்கிறது என்று தொழிற்சங்கத்தார் சொல்லியிருந்தார்கள். இந்தச் சொல்லை அதுவரை ஒருவரும் சொல்லவில்லை. "மண்ணு, விலை, குத்தகைச் சட்டம், எல்லாத்தையும் சேர்த்து வெச்சுப் பாத்தா அப்படித்தானுங்க வருது" என்றார். நானும் அதை அப்போதுதான் முதல்முறையாகக் காதில் கேட்டேன்.

"ஒரு மலையிலேருந்து கப்பலேத்தி அனுப்புனாங்க, இங்க வந்தோம். இனி எங்க போறதுன்னு அந்தப் படிப்புல இருக்குதுங்களா ஐயா?" என்றார் அந்த அம்மா.

"அது இல்லீங்கம்மா."

அந்த அம்மா சாக்கை அவிழ்த்து, மடித்து மடியில் வைத்துக்கொண்டார். மற்ற கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார்.

"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமுங்களே" என்றேன், வீட்டுக்கு வந்ததும். "அங்க போய் நிக்கற வரைக்கும் எனக்கே தெரியல புள்ள" என்றார். சாப்பிட்டோம்.

ஒவ்வொரு குடும்பமாகத் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போனது. அந்த அம்மாவும் போனார். படிப்பு முடிந்து இவருக்குக் கோவையில் ஆய்வு நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்ததும் நாங்களும் மலையிறங்கிவிட்டோம். இப்போது வருடந்தோறும் புது மாணவர்களை அங்கே அழைத்துப்போகிறார். போன வருடம் நானும் போனேன்.

கவாத்து செய்து கிளை வெட்ட ஆளில்லாத தேயிலை, ஆள் உயரம் தாண்டி மரமாகியிருந்தது. லயன் வீடுகள் இருந்த சரிவில் காட்டுச்செடி மண்டி, நடுவே, நாங்கள் இருந்தபோது வற்றிக் கிடந்த ஓடை ஓடியது. அழுகை வரும் என்று நினைத்துத்தான் போனேன். வரவில்லை.

"முன்னாடி இங்க யாராச்சும் இருந்தாங்களா ஆன்ட்டி?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

"இருந்தோம்" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு ஓடைத் தண்ணீரை அள்ளிக் குடித்தாள். "நல்லாருக்கு, குடிச்சுப் பாருங்க" என்றாள். குடித்தேன். சில்லென்று இருந்தது.